தியோடர் செட்ஜ்விக்: நீதிமன்றத்திலிருந்து சட்டமன்றத்துக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்கக்கால வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு செய்தி விரைவிலேயே கண்ணில் படும். அந்நாட்டின் முதல் தலைமுறைச் சட்டமன்ற உறுப்பினர்களில் கணிசமானோர் வழக்கறிஞர்கள். 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியாவில் கூடிக் கூட்டாட்சி அரசியலமைப்பை எழுதிய 55 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் சட்டம் பயின்றவர்கள். ஏன் இப்படி அமைந்தது, நீதிமன்றத்தில் வாதாடிப் பழகிய ஒருவர் சட்டம் இயற்றும் இடத்துக்குப் போகும்போது அவரிடம் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்ற கேள்விகளுக்கு விடை தேட, ஒரு தனி மனிதரின் வாழ்க்கையை முழுமையாகப் பின்தொடர்வதே நல்ல வழி என்று நினைக்கிறேன். அதற்கு நான் தேர்ந்துகொண்டவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தியோடர் செட்ஜ்விக். ஜெஃபர்சன், ஹாமில்டன் ஆகியோரைப் போல உலகறிந்த பெயர் அல்ல. ஆனால் அடிமைப்படுத்தப்பட்ட ஒரு பெண்ணுக்கு நீதிமன்றத்தில் விடுதலை பெற்றுத் தந்தவரும், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்துக்கு முதல் வரைவு தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

செட்ஜ்விக் 1746-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் கனெடிகட் பகுதியிலுள்ள வெஸ்ட் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்த அவரை அண்ணன் ஜான் தம் உழைப்பில் யேல் கல்லூரிக்கு அனுப்பிவைத்தார். இறுதி ஆண்டில் ஒழுங்குமீறலுக்காகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டதால் செட்ஜ்விக்குக் குறித்த காலத்தில் பட்டம் கிடைக்கவில்லை. 1772-இல்தான் யேல் அதை அவருக்கு வழங்கியது. சிறிது காலம் இறையியல் படித்துப் பார்த்த பின்னர் அவர் சட்டத்தின் பக்கம் திரும்பினார்.

அன்றைய வட அமெரிக்கக் குடியேற்றங்களில் சட்டக் கல்லூரி என்று ஒன்று கிடையாது. வழக்கறிஞராக விரும்பும் இளைஞர் ஏற்கெனவே தொழில் செய்யும் ஒருவரின் அலுவலகத்தில் சேர்ந்து, அவருடைய ஆவணங்களை நகலெடுத்து, நீதிமன்ற ஆணைகளின் வாசகங்களை மனப்பாடம் ஆகும்வரை திரும்பத் திரும்ப எழுதி, அங்கிருக்கும் சில ஆங்கிலேயச் சட்ட நூல்களைத் தாமே படித்துத் தேற வேண்டும். பிறகு அந்த மாவட்டத்து வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டால் தொழில் தொடங்கலாம். செட்ஜ்விக் மாசசூசெட்ஸின் மேற்கு எல்லையில், மலைகள் சூழ்ந்த பெர்க்‌ஷயர் மாவட்டத்தின் கிரேட் பாரிங்டன் ஊரில் மார்க் ஹாப்கின்ஸ் என்ற வழக்கறிஞரிடம் இப்படிப் பயின்றார். 1766-இல், இருபது வயதில், வழக்கறிஞராக ஏற்கப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே அருகிலுள்ள ஷெஃபீல்டு ஊருக்குக் குடிபெயர்ந்து தொழிலைத் தொடர்ந்தார்.

ஒரு கிராமப்புற வழக்கறிஞரின் அன்றாட வேலை பெரும்பாலும் கடனைப் பற்றியது. ரொக்க நாணயம் அரிதாக இருந்த அப்பகுதியில் விவசாயி கடைக்காரருக்கும், கடைக்காரர் நகரத்து வணிகருக்கும் கடன்பட்டிருந்தனர். கடன் சீட்டைக் காட்டி வழக்குப் போடுவதும், தீர்ப்பு பெற்று நிலத்தையோ கால்நடையையோ பறிமுதல் செய்விப்பதும், நில எல்லைத் தகராறுகளைத் தீர்ப்பதும் வழக்கறிஞரின் வருமானத்துக்கு வழி. இதனால் ஊரில் எழுதத் தெரிந்த, பேசத் தெரிந்த, சொத்துள்ளவர்களின் நம்பிக்கையைப் பெற்ற ஆளாக அவர் வளர்ந்தார். அதே காரணத்தால் கடன்பட்டவர்களின் கசப்பையும் தேடிக்கொண்டார். ஊர்க்கூட்டம் ஒரு தீர்மானத்தை எழுத வேண்டுமென்றாலும், மாநிலத் தலைநகருக்கு ஒரு பிரதிநிதியை அனுப்ப வேண்டுமென்றாலும் அவரையே நாடியது. வழக்கறிஞர்கள் சட்டமன்றத்தை நிரப்பியதற்கு முதல் காரணம் இதுதான். சட்டத்தின் மொழியைக் கையாளத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவரே இருந்தனர்.

1773 ஜனவரியில் ஷெஃபீல்டில் இதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு உருவானது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் போக்கைக் கண்டித்துத் தீர்மானம் எழுத ஊர்க்கூட்டம் ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு கர்னல் ஜான் ஆஷ்லியின் வீட்டில் கூடியது. எழுதும் பொறுப்பு இருபத்தாறு வயது செட்ஜ்விக்கிடம் வந்தது. இயற்கை நிலையில் மனிதர் அனைவரும் சமமானவர்கள், சுதந்திரமானவர்கள், ஒருவரையொருவர் சாராதவர்கள் என்றும், தம் உயிரையும் விடுதலையையும் சொத்தையும் இடையூறின்றி அனுபவிக்கும் உரிமை உடையவர்கள் என்றும் அந்தத் தீர்மானம் கூறுகிறது. விடுதலைப் பிரகடனம் எழுதப்படுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக முந்தைய ஆவணம் இது. ஆஷ்லி அம்மாவட்டத்தின் பெரும் நிலக்கிழார். உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்டகாலம் நீதிபதியாக இருந்தவர். அவர் வீட்டில் வேலை செய்தவர்களில் பலர் அவருக்குச் சொந்தமான அடிமைகள். அவர்களுள் ஒருவர் பெட் என்று அழைக்கப்பட்ட பெண்.

பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போர் தொடங்கியபின், 1776-இல், செட்ஜ்விக் கனடாவை நோக்கிய படையெடுப்பில் ஜெனரல் ஜான் தாமஸின் செயலராகப் பணியாற்றினார். பின்னர் படைகளுக்குத் தேவையான பொருள்களைத் திரட்டி அனுப்பும் வேலையிலும் ஈடுபட்டார். ஆனால் அவருடைய தொழில் முடங்கிக் கிடந்தது. 1774 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டனில் திரண்ட பெருங்கூட்டம் அரச நீதிமன்றத்தை நடைபெற விடாமல் தடுத்தது. அதன் பின்பும், மக்களே ஒப்புதல் அளித்த ஓர் அரசியலமைப்பு இல்லாமல் எந்த நீதிமன்றமும் இங்கே இயங்கக் கூடாது என்று, பிட்ஸ்ஃபீல்டின் போதகர் தாமஸ் ஆலன் முன்னின்று நடத்திய இயக்கம் பெர்க்‌ஷயரில் பல ஆண்டுகள் உறுதியாக நின்றது. 1780-இல்தான் மாசசூசெட்ஸுக்கு அப்படியோர் அரசியலமைப்பு கிடைத்தது. பெரும்பாலும் ஜான் ஆடம்ஸ் எழுதிய அந்த ஆவணத்தின் உரிமைப் பகுதியில் முதல் பிரிவு, மனிதர் அனைவரும் சுதந்திரமானவர்களாகவும் சமமானவர்களாகவும் பிறக்கின்றனர் என்று தொடங்குகிறது.

இங்கே ஓர் அடிப்படை வேறுபாட்டை விளக்க வேண்டும். அரசியலமைப்பில் ஒரு வாக்கியம் இருப்பது ஒன்று. அந்த வாக்கியத்தைக் கொண்டு ஒரு குறிப்பிட்ட மனிதருக்கு ஒரு குறிப்பிட்ட பயன் கிடைப்பது வேறொன்று. முதல் பிரிவை எழுதியவர்களும் அதற்கு வாக்களித்த ஊர்க்கூட்டங்களும் அடிமைமுறையை ஒழித்துவிட்டதாக அறிவிக்கவில்லை. மாசசூசெட்ஸில் அடிமைமுறையை வெளிப்படையாக ஒழிக்கும் சட்டம் எதையும் சட்டமன்றம் இயற்றவும் இல்லை. அந்த வாக்கியத்துக்கு அப்படியொரு பொருள் உண்டா என்று தீர்மானிக்க வேண்டுமானால், யாராவது ஒருவர் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது.

அப்படிப் போனவர் பெட். ஆஷ்லியின் மனைவி ஹன்னா ஒருநாள் கோபத்தில் அடுப்பில் பழுக்கக் காய்ந்த கரண்டியை வீட்டிலிருந்த இளம்பெண் ஒருத்தியை நோக்கி ஓங்கியபோது, பெட் குறுக்கே கையை நீட்டித் தாமே அந்த அடியை வாங்கினார் என்றும், அந்தத் தழும்பை வாழ்நாள் முழுவதும் மறைக்காமல் வைத்திருந்தார் என்றும் செட்ஜ்விக்கின் மகள் கேத்தரின் பிற்காலத்தில் எழுதினார். மனிதர் அனைவரும் சமம் என்ற பேச்சைப் பெட் எங்கே கேட்டார் என்பது பற்றி இரு விதமாகச் சொல்கிறார்கள். ஆஷ்லி வீட்டில் விருந்தினருக்குப் பரிமாறும்போது காதில் விழுந்தது என்பது ஒன்று. புதிய அரசியலமைப்பைப் பொதுவில் வாசிக்கக் கேட்டார் என்பது மற்றொன்று. எழுதப் படிக்கத் தெரியாத அவர், அந்தச் சொற்கள் தமக்கும் பொருந்துமல்லவா என்ற கேள்வியோடு செட்ஜ்விக்கைத் தேடிச் சென்றார். இவ்வழக்கின் சிந்தனை வழக்கறிஞரிடமிருந்து அல்ல, வழக்குத் தொடுத்தவரிடமிருந்தே பிறந்தது என்பதை நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பல சுருக்கமான குறிப்புகளில் அது மறைந்துபோகிறது.

செட்ஜ்விக் கனெடிகட்டைச் சேர்ந்த டாப்பிங் ரீவைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். லிட்ச்ஃபீல்டு ஊரில் தம் வீட்டிலேயே மாணவர்களுக்குச் சட்டம் கற்பித்துவந்த ரீவ், பிற்பாடு அமெரிக்காவின் முதல் சட்டப் பள்ளிகளில் ஒன்றை நிறுவியவராகப் புகழ்பெற்றார். ஆஷ்லியிடம் அடிமையாக இருந்த பிராம் என்ற ஆணையும் வழக்கில் சேர்த்தனர். 1781-ஆம் ஆண்டு மே மாதம் ரெப்ளெவின் எனப்படும் நீதிமன்ற ஆணை பெறப்பட்டது. ஒருவர் சட்டத்துக்குப் புறம்பாகப் பிடித்துவைத்திருப்பதை விடுவிக்கச் செய்யும் பழைய ஆங்கிலேய நடைமுறை இது. பொதுவாகப் பொருள்களை மீட்கப் பயன்படுவது, மனிதரைச் சிறைப்பிடித்து வைத்திருந்தாலும் பயன்படுத்த இடம் உண்டு. மாவட்ட ஷெரிஃப் அந்த ஆணையுடன் சென்று பிராமையும் பெட்டையும் விடுவிக்கும்படி கேட்டபோது ஆஷ்லி மறுத்துவிட்டார். இவர்கள் ஆயுள் முழுவதும் என் வேலையாட்கள், எனவே இவர்களை வைத்திருக்க எனக்குச் சட்டப்படி உரிமை உண்டு என்பதே அவருடைய பதில்.

அந்தப் பதிலால் வழக்கு ஒரே கேள்வியாகச் சுருங்கியது. ஆஷ்லி அவர்களைக் கொடுமைப்படுத்தினாரா என்பதோ, பிராமும் பெட்டும் நல்லவர்களா என்பதோ இனிப் பொருட்டல்ல. ஆயுள் முழுவதற்குமான அடிமைத்தனம் என்ற ஒரு நிலை மாசசூசெட்ஸ் சட்டத்தில் இருக்க முடியுமா என்பது மட்டுமே மிஞ்சியது. இத்தகைய கேள்வியை இத்தனை கூர்மையாக நிறுத்துவதுதான் ஒரு தேர்ந்த வழக்கறிஞரின் வேலை. 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டனில் விசாரணை நடந்தது. ஜூரிகளாக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களாக, அமர்ந்தவர்கள் அம்மாவட்டத்து ஆண்கள். அவர்கள் முன் எதிர்வாதியாக நின்றவர் அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த செல்வந்தர். ஆணை பெறப்பட்ட நேரத்தில் பிராமும் பெட்டும் சட்டப்படி ஆஷ்லிக்கு உரியவர்கள் அல்ல என்று ஜூரி தீர்ப்பளித்து, 30 ஷில்லிங் இழப்பீட்டையும் வழக்குச் செலவையும் ஆஷ்லி கொடுக்க வேண்டுமென்றது. ஆஷ்லி மேல்முறையீடு செய்தார். பின்னர் அதைக் கைவிட்டுவிட்டார். அதே காலத்தில் குவாக் வாக்கர் என்பவரைப் பற்றிய வழக்குகள் மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. 1783-இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், அடிமைமுறை புதிய அரசியலமைப்புடன் ஒத்துப்போகாது என்று ஜூரிக்கு எடுத்துரைத்தார். 1790-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸில் ஓர் அடிமைகூடப் பதிவாகவில்லை.

விடுதலை பெற்ற பெட், எலிசபெத் ஃபிரீமன் என்ற பெயரை ஏற்றார். திரும்பி வந்து கூலிக்கு வேலை செய்யும்படி ஆஷ்லி கேட்டதை மறுத்து, செட்ஜ்விக் குடும்பத்தில் ஊதியத்துக்கு வேலை செய்யத் தொடங்கினார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் செட்ஜ்விக் ஒரு கொள்கை வீரராகவே தோன்றுவார். ஆனால் வழக்குக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1777-இல், ஒரு கறுப்பினப் பெண்ணை அவர் விலைக்கு வாங்கியதற்கான விற்பனைச் சீட்டு இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1773-இல் சமத்துவத் தீர்மானத்தை எழுதிய அதே கை நான்கு ஆண்டுகளில் அந்தச் சீட்டைப் பெற்றுக்கொண்டது. அன்றைய வழக்கறிஞரின் மனத்தில் சுதந்திரமும் சொத்துரிமையும் ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இரு உரிமைகள். ஷெஃபீல்டு தீர்மானமும் அவ்விரண்டையும் அப்படியே அடுத்தடுத்து வைக்கிறது. ஒரு மனிதர் சொத்தாக இருக்க முடியுமா என்ற கேள்வியில் அவை மோதிக்கொள்கின்றன என்பதை, ஒரு பெண் அவர் முன்னால் வந்து நின்று கேட்கும்வரை செட்ஜ்விக் எதிர்கொள்ள வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

அவருடைய சட்டமன்ற வாழ்க்கை 1780-இல் தொடங்கியது. மாசசூசெட்ஸ் சட்டமன்றத்தின் கீழவையிலும் மேலவையிலும் பல முறை உறுப்பினராக இருந்தார். புதிய கூட்டாட்சி அரசு அமைவதற்கு முன்பிருந்த பழைய கண்டப் பேரவைக்கும் சென்றார். அன்று சட்டமன்ற உறுப்பினர் பதவி முழுநேர வேலை அல்ல. கூட்டத்தொடர்களுக்கு இடையில் வழக்குகளையும் நடத்தலாம். நிலத்தை விட்டு வாரக்கணக்கில் விலகியிருக்க முடியாத விவசாயியைவிட வழக்கறிஞருக்கு இது எளிதாக இருந்தது. அவர்கள் சட்டமன்றங்களில் மிகுந்திருந்ததற்கு இது இரண்டாவது காரணம்.

வழக்கறிஞர்களின் இந்தச் செல்வாக்குக்கு எதிரான கோபம் 1786-இல் வெடித்தது. போர்க்காலக் கடனைத் தீர்ப்பதற்காக மாசசூசெட்ஸ் சட்டமன்றம் விதித்த கடுமையான வரிகளை நாணயமாகக் கட்ட முடியாத மேற்குப் பகுதி விவசாயிகள் நிலத்தை இழந்தனர், சிலர் சிறைக்கும் சென்றனர். அவர்கள் ஆயுதம் ஏந்தி நீதிமன்றங்களை மூடத் தொடங்கினர். கிரேட் பாரிங்டன் நீதிமன்றமும் மூடப்பட்டது. முன்னாள் படைத் தலைவர் டேனியல் ஷேஸின் பெயரால் அறியப்படும் இந்தக் கிளர்ச்சியை செட்ஜ்விக் முழு மூச்சாக எதிர்த்தார். அரசனுக்கு எதிராக 1774-இல் நீதிமன்றத்தை மூடியது வேறு, மக்கள் தேர்ந்தெடுத்த அரசின் நீதிமன்றத்தை மூடுவது வேறு என்பது அவரைப் போன்றோரின் நிலைப்பாடு. அந்த வேறுபாட்டில் நியாயம் இருக்கிறது. ஆனால் வரிச்சுமையைப் பற்றிய விவசாயிகளின் முறையீட்டிலும் நியாயம் இருந்தது, அதைக் காதுகொடுத்துக் கேட்க அவர் ஆயத்தமாக இல்லை. 1787 பிப்ரவரி 27 அன்று கிளர்ச்சியாளர்கள் ஸ்டாக்பிரிட்ஜ் ஊருக்குள் புகுந்து, செட்ஜ்விக் சில ஆண்டுகளுக்கு முன் குடியேறியிருந்த வீட்டையும் சூறையாட வந்தனர். அவர் அப்போது பாஸ்டனில் இருந்தார். வீட்டைக் காத்து நின்றவர் எலிசபெத் ஃபிரீமன். குடும்பத்தின் வெள்ளிப் பாத்திரங்களைத் தம் சொந்தப் பெட்டிக்குள் மறைத்து வைத்து, வந்தவர்களை நேருக்கு நேர் பேசித் திருப்பி அனுப்பினார். அன்றே ஷெஃபீல்டில் கிளர்ச்சியாளர்களை முறியடித்த படைக்குத் தலைமை தாங்கியவர், வழக்கில் தோற்ற ஆஷ்லியின் மகன்.

இந்தக் கிளர்ச்சி செட்ஜ்விக்கைப் போன்ற பலரை வலுவான மத்திய அரசு வேண்டும் என்ற முடிவுக்குத் தள்ளியது. புதிய கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்பதா என்று முடிவுசெய்ய மாசசூசெட்ஸ் கூட்டிய மாநாட்டில் அவர் ஆதரவாகப் பேசினார். 1788 பிப்ரவரி 6 அன்று 187-க்கு 168 என்ற குறுகிய வேறுபாட்டில் அது ஏற்கப்பட்டது. அதே ஆண்டில் மாநிலச் சட்டமன்றக் கீழவையின் அவைத்தலைவராகவும் ஆனார். புதிய நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் அவைக்கு அவர் தேர்வானது எளிதாக நடந்துவிடவில்லை. பதிவான வாக்குகளில் பாதிக்கும் மேல் பெற்றால்தான் வெற்றி என்பது மாசசூசெட்ஸின் விதியாக இருந்ததால், மேற்கு மாவட்டத்தில் மீண்டும் மீண்டும் தேர்தல் நடத்தி, 1789-இல் ஒருவழியாக அவர் வென்றார். கிளர்ச்சியின் கசப்பு அங்கே இன்னும் ஆறவில்லை.

நாடாளுமன்றத்தில் அவர் கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் பக்கம் நின்றார். மாநிலங்களின் போர்க்காலக் கடன்களை மத்திய அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஹாமில்டனின் திட்டம் 1790 ஏப்ரலில் 31-க்கு 29 என்ற கணக்கில் தோற்றபோது, செட்ஜ்விக் அதைத் தம் மாநிலத்துக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதியாகவே கருதினார். தலைநகரைத் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுசெல்வது பற்றிய உடன்பாட்டுக்குப் பிறகு அத்திட்டம் அவ்வாண்டு ஜூலையில் 34-க்கு 28 என்று நிறைவேறியது. மாசசூசெட்ஸின் 40 லட்சம் டாலர் கடன் மத்திய அரசின் தலைக்கு மாறியது. விவசாயிகளைக் கிளர்ச்சிக்குத் தூண்டிய வரிச்சுமைக்கு வேர் அந்தக் கடன்தான். கிளர்ச்சியின்போது அவர்களுக்குச் செவிசாய்க்காதவர், அதன் மூலகாரணத்தைக் குறைக்கும் நடவடிக்கைக்கு முன்னின்று வாக்களித்தார். நீதிமன்றத்தில் ஒருவர் கடனை இன்னொருவர் வசூலிப்பதைத்தான் பார்க்க முடியும். கடன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு அதை மாற்றியமைக்கும் வலிமை சட்டமன்றத்துக்கு மட்டுமே உண்டு.

அதே வலிமை எதிர்த்திசையிலும் இயங்கியது. பென்சில்வேனியாவில் சுதந்திர மனிதராக வாழ்ந்த ஜான் டேவிஸ் என்ற கறுப்பினத்தவரைச் சிலர் கடத்தி வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோயினர். கடத்தியவர்களை ஒப்படைக்கும்படி பென்சில்வேனியா கேட்டது, வர்ஜீனியா மறுத்தது. தகராறு குடியரசுத் தலைவர் வாஷிங்டனிடம் சென்று, அவர் வழியாக நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1791-இல் பிரதிநிதிகள் அவை அமைத்த மூவர் குழுவுக்குத் தலைவர் செட்ஜ்விக். ஒரு கடத்தலைப் பற்றிய முறையீடாகத் தொடங்கியது, குற்றவாளிகளை மட்டுமன்றித் தப்பியோடிய அடிமைகளையும் மாநிலங்களுக்கிடையே ஒப்படைப்பது பற்றிய வரைவாக அந்தக் குழுவிலிருந்து வெளிவந்தது. அந்த வரைவு அப்படியே சட்டமாகவில்லை என்பதைச் சொல்வது நேர்மை. செனட் சபை தயாரித்த வேறொரு வரைவே 1793 பிப்ரவரியில் சட்டமாயிற்று. அதன்படி ஒருவர் தம் அடிமை என்று யாரையேனும் பிடித்து ஒரு நீதிபதி முன் நிறுத்தி, வாய்மொழிச் சாட்சியமோ எழுத்துமூலமான உறுதிமொழியோ கொடுத்தால் போதும். சான்றிதழ் பெற்று அழைத்துச் சென்றுவிடலாம். தடுப்பவருக்கு 500 டாலர் அபராதம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது.

பெட்டை விடுவித்தது ஒரு ஜூரி. பத்தாண்டுகளுக்குப் பின், அந்தப் பாதுகாப்பு இல்லாத ஒரு சட்டத்துக்கு வழியமைத்த முதல் குழுவில் அவருடைய வழக்கறிஞரே தலைமை வகித்தார். அவர் மனம் மாறிவிட்டார் என்று நான் எண்ணவில்லை. மாசசூசெட்ஸில் அவர் மாநில அரசியலமைப்பின் முதல் பிரிவைக் கையில் வைத்து வாதாடினார். நாடாளுமன்றத்தில் அவர் கையில் இருந்தது, தப்பியோடியவர்களை ஒப்படைக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் கூட்டாட்சி அரசியலமைப்பின் நான்காம் உறுப்பு. எழுதப்பட்டதை நிறைவேற்றுவதே கடமை என்ற வழக்கறிஞரின் மனப்பழக்கம் இரு இடங்களிலும் ஒன்றாகவே இருந்தது, விளைவுகள் நேரெதிராயின. ஆனால் சட்டமன்ற உறுப்பினருக்கு வழக்கறிஞருக்கு இல்லாத ஒரு சுதந்திரம் உண்டு. எழுதப்பட்டதற்குள்ளேயே எந்த நடைமுறையைச் சேர்ப்பது, யாருக்கு எந்தப் பாதுகாப்பைத் தருவது என்று தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுதந்திரத்தைச் செட்ஜ்விக் பலவீனருக்காகப் பயன்படுத்தாததை அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய குறையாகவே நான் மதிப்பிடுகிறேன்.

1796-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரை செனட் சபைக்கு அனுப்பியது. அன்று செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. பிரான்சுடன் போர் மூளும் என்ற அச்சம் பரவியிருந்த 1798-இல் அச்சபையின் தற்காலிகத் தலைவராகவும் இருந்தார். அரசைக் கடுமையாக விமரிசிப்பவர்களைத் தண்டிக்க வழிசெய்த தேசத்துரோகச் சட்டத்தை வலுவான மத்திய அரசை ஆதரித்த அவருடைய பெடரலிஸ்ட் கட்சி அப்போது நிறைவேற்றியது. 1799 டிசம்பரில் அவர் பிரதிநிதிகள் அவைக்குத் திரும்பி அதன் தலைவரானார். அடுத்த ஆண்டு தலைநகர் பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியபோது, பாதியே கட்டப்பட்டிருந்த புதிய கட்டடத்தில் நடந்த முதல் கூட்டத்தொடருக்கு அவரே தலைமை வகித்தார். விவாதங்களைக் குறித்துக்கொள்ளும் செய்தியாளர்களுக்கு அவைக்குள் இடம் தர மறுத்ததோடு, எதிர்க்கட்சிச் செய்தித்தாளின் ஆசிரியர் சாமுவேல் ஹாரிசன் ஸ்மித்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்தும் வெளியேற்றினார். 1780-இன் அரசியலமைப்பைப் பொதுமக்கள் அறிந்ததால்தான் பெட்டின் வழக்கே பிறந்தது என்பதை நினைக்கும்போது, இந்த நடவடிக்கை இன்னும் வருத்தத்தையே தருகிறது.

1801 பிப்ரவரியில் அவர் தலைமையில் அவை சந்தித்த நெருக்கடியைப் புரிந்துகொள்ள அன்றைய தேர்தல் முறையை அறிய வேண்டும். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவின் ஒவ்வோர் உறுப்பினரும், யார் தலைவர், யார் துணைத் தலைவர் என்று பிரிக்காமல் இரு பெயர்களுக்கு வாக்களிப்பார். தாமஸ் ஜெஃபர்சனும், அவருடைய கட்சியே துணைத் தலைவர் பதவிக்கு நிறுத்திய ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமநிலையில் நின்றனர். அப்படியானால் பிரதிநிதிகள் அவை முடிவுசெய்ய வேண்டும். அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு அல்ல, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 16 மாநிலங்களில் 9 வேண்டும். பிப்ரவரி 11 அன்று தொடங்கிய வாக்கெடுப்பில் ஜெஃபர்சனுக்கு 8, பர்ருக்கு 6, இரு மாநிலங்கள் பிளவு என்ற நிலை மாறாமல் நாள்கள் கழிந்தன. ஜெஃபர்சன் வென்றால் நாடே குலையும் என்று அஞ்சிய செட்ஜ்விக், பர்ரின் குணத்தைப் பற்றி எந்த மயக்கமும் இல்லாமலே, மாசசூசெட்ஸின் மற்ற பெடரலிஸ்ட்களோடு அவருக்கு வாக்களித்தார். (பர்ர் இளமையில் தம் சகோதரியின் கணவரான டாப்பிங் ரீவிடமே சட்டம் பயின்றவர், பெட்டின் வழக்கில் செட்ஜ்விக்கோடு நின்ற அதே ரீவ்.) பிப்ரவரி 17 அன்று 36-ஆவது சுற்றில் 10 மாநிலங்களின் வாக்குடன் ஜெஃபர்சன் வென்றார். மாசசூசெட்ஸ் கடைசிச் சுற்றுவரை பர்ரை விட்டு விலகவில்லை. இந்தக் குழப்பம் மீண்டும் நேராதபடி 1804-இல் அரசியலமைப்பில் 12-ஆம் திருத்தம் சேர்க்கப்பட்டது.

அத்துடன் செட்ஜ்விக் தேர்தல் அரசியலிலிருந்து விலகினார். 1802-இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டு, 1813 ஜனவரி 24 அன்று பாஸ்டனில் இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார். பல நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்தே ஜூரி வழக்குகளை விசாரிக்க வேண்டும் என்ற மெதுவான பழைய முறையை மாற்றி, ஒரே நீதிபதி விசாரிக்க வழிசெய்த சீர்திருத்தத்தில் அவருக்குப் பங்கு உண்டு. 1806-இல் தலைமை நீதிபதிப் பதவி தியோஃபிலஸ் பார்சன்ஸுக்குச் சென்றது அவருக்கு ஆறாத ஏமாற்றமாக இருந்தது.

அவருடைய பொதுவாழ்வுக்கான விலையை அதிகமாகக் கொடுத்தவர் இரண்டாவது மனைவி பமீலா ட்வைட். நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும் கணவர் மாதக்கணக்கில் தங்கியிருக்க, ஸ்டாக்பிரிட்ஜில் குழந்தைகளோடு தனித்திருந்த பமீலா கடும் மனச்சோர்வு நோயால் திரும்பத் திரும்பத் துன்புற்று 1807-இல் இறந்தார். அந்த ஆண்டுகளில் வீட்டையும் பிள்ளைகளையும் தாங்கியவர் எலிசபெத் ஃபிரீமன். பின்னர் ஃபிரீமன் தம் சேமிப்பில் சொந்தமாக வீடும் நிலமும் வாங்கி, மருத்துவச்சியாக ஊராரின் மதிப்பைப் பெற்று, 1829 டிசம்பர் வரை வாழ்ந்தார். செட்ஜ்விக்கின் கடைசிப் பெண்பிள்ளையும் புகழ்பெற்ற நாவலாசிரியருமான கேத்தரின் அவருடைய வரலாற்றை 1853-இல் எழுதி வெளியிட்டதால்தான் அவ்வழக்கின் மனித முகம் நமக்குத் தெரிகிறது. நீதிமன்றப் பதிவேட்டில் ஆணையும் தீர்ப்பும் தொகையும் மட்டுமே உள்ளன.

அந்தக் குடும்பத்தில் வழக்கறிஞர் தொழில் தொடர்ந்தது. தாத்தாவின் பெயரையே தாங்கிய பேரன் தியோடர் செட்ஜ்விக் நியூயார்க்கில் வழக்கறிஞரானார். 1839-இல் அமிஸ்டாட் என்ற கப்பலில் தம்மை அடிமைகளாகக் கொண்டுசென்றவர்களுக்கு எதிராக எழுந்து கப்பலைக் கைப்பற்றிய ஆப்பிரிக்கர்கள் கனெடிகட்டில் சிறைவைக்கப்பட்டபோது, அவர்களுக்காக முதலில் முன்வந்த வழக்கறிஞர்களில் அவரும் ஒருவர். இவர்கள் சொத்தா, மனிதர்களா என்ற பழைய கேள்வியே, இம்முறை ஸ்பெயினுடனான ஓர் ஒப்பந்தத்தின் வாசகத்தை முன்வைத்து, மீண்டும் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1841 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. தாத்தா முதலில் தலைமை தாங்கிய குழுவின் வழியில் வந்த 1793-ஆம் ஆண்டுச் சட்டம் அப்போதும் நடைமுறையில்தான் இருந்தது.